பனியாற்றுப் பூவும் துபாய்க் கடிதமும்

ஆய்வு முகாம், உத்தராகண்ட்
18 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை பாரதி எழுதுகிறேன். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பூட்ஸ் தைக்கிற மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருக்காதே, நடுவில் எழுந்து கொஞ்சம் நட.

இங்கே போன் எடுக்காது. கீழ்க் கிராமத்திலிருந்து கோவேறு கழுதையில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றி வருகிறவர்தான் தபாலையும் கொண்டு வருகிறார். அவர் வருகிற நாளில் எல்லோரும் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றுவிடுகிறோம்.

பனியாறு என்றதும் வெள்ளை வெளேரென்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். மேலெல்லாம் கல்லும் சேறும், ஒரே அழுக்கு. உடைந்த இடத்தில் மட்டும் உள்ளே நீலமாகத் தெரிகிறது. கீழே ஒரு குகை வாய் மாதிரி திறந்து, அதிலிருந்து சிமெண்ட் கரைத்த நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. வருஷா வருஷம் பனி பின்வாங்கிக்கொண்டே போகிறதாம். அது விட்டுப்போன வெறும் தரையில் எந்தச் செடி முதலில் வந்து முளைக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

நேற்று அந்தக் கல்லுக் காட்டில் ஒரு பூவைப் பார்த்தேன். பிரிமுலா என்று ஒரு குடும்பம். ஊதா நிறம், நடுவில் மஞ்சள் கண். இலையைத் திருப்பினால் அடியில் அரிசி மாவு தூவின மாதிரி இருக்கிறது. இவ்வளவு மேலே அது வந்திருப்பதைப் பார்த்து எங்கள் குழுத் தலைவரே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். தோண்டி எடுத்ததில் ஒரு செடிக்கு வேர் அறுந்துவிட்டது. வேர் இல்லாததை ஆய்வகத்துக்கு அனுப்ப மாட்டோம். அதைத் தாளுக்கு நடுவில் வைத்துக் காயவைத்து உனக்கு அனுப்பலாமா என்று கேட்டேன், சரி என்றார். என் கூடாரத்தில் இருக்கிற உமைமா அக்காதான் ஈரத் தாளை மாற்றி மாற்றிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். அவரும் நம் பக்கம்தான், ஆம்பூர். காய்ந்ததும் இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

ஒரு சின்ன விஷயம் அண்ணா. இனிமேல் கடிதத்தை நேராக எனக்குப் போடாமல் அம்மாவுக்கு அனுப்பு. அம்மா வேறு உறையில் வைத்துப் போடட்டும். இங்கே மழையில் தபால் நனைந்துவிடுகிறது, அதனால்தான்.

பாசமுடன்,
பாரதி


வேலூர்
6 ஜூலை 2024

பாரதிம்மா,

அண்ணன் ஆசீர்வாதம். உன் பூ வந்து இங்கே பெரிய கலாட்டா ஆகிவிட்டது.

தபாலைப் பிரித்துப் பார்க்கிற ஐயா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் உன் பூ. சுற்றி மூன்று வார்டர்கள்.

"இன்னா சூரியபிரகாஷ் இது? இன்னா எலை?" என்றார்.

"பூங்க ஐயா."

"பூவா? மோந்து பாத்தா ஒண்ணுமே வர்லியே."

ஒருத்தர் மாற்றி ஒருத்தர் மோந்து பார்த்தார்கள். என் தங்கச்சி செடிகொடி ஆராய்ச்சி பண்ணுது, இமயமலையில பனி பக்கத்துல எடுத்தது என்று சொன்னேன். கூடவே நீ ஒட்டி அனுப்பிய சீட்டில் சேகரித்தவர் பாரதி என்று உன் பேர் இருந்ததையும் காட்டினேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு முறை படித்தார். நான் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். "தொடாத, உதிர்ந்துரும்" என்று அவரே தடுத்தார். அந்த ஊதா நிறம் அப்படியே இருந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். செடியெல்லாம் உள்ளே கொடுத்து அனுப்பக் கூடாதாம். என் வாட்ச், பெல்ட் இருக்கிற பொட்டலத்தோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

நீ சொன்ன மாதிரி இதை அம்மாவுக்குத்தான் அனுப்புகிறேன். அம்மா உறை மாற்றிப் போடும்.

உறை விஷயம் புரிந்தது. மழை என்றால் அம்மா போடுகிற உறையும்தானே நனையும். கோவமில்லை, பாரதிம்மா. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடு. அங்கே என்னைப் பற்றி என்னவென்று சொல்லி வைத்திருக்கிறாய்? சொன்னால் நானும் அதற்குத் தகுந்த மாதிரி எழுதுவேன்.

உன் அண்ணன்,
சூரியபிரகாஷ்


ஆய்வு முகாம்
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தகுந்த மாதிரி எழுதுகிறேன் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த வரியை உமைமா அக்கா பார்த்துவிடப் போகிறார் என்று கடிதத்தைச் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அப்படி ஒளித்து வைத்ததும் வெட்கமாகத்தான் இருந்தது.

துபாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன் அண்ணா.

முகாமுக்கு வந்த அன்றே உமைமா அக்கா கேட்டார். "அண்ணன் இன்னா பண்றாரு?" என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "துபாய்ல இருக்காருக்கா. ஷூ கம்பெனி." அவர் ஆம்பூர் என்று அதற்கு முன்னால்தான் தெரிந்திருந்தது. இங்கே மற்றவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஜெயில் சீலைப் படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாளே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். டீ குடிக்கும்போது அவரே பேச்சை எடுத்தார். "எங்க தெருவுக்குப் பின்னால பெருமாள்னு ஒருத்தர் இருந்தார். தோல் கம்பெனியில கழிவுத் தொட்டிய சுத்தம் பண்ண இறங்கினவர், விஷவாயு ஏறி செத்தே போயிட்டார். மாஸ்க் இல்ல, கயிறு இல்ல. எறக்கிவிட்ட சூப்பர்வைசரை உள்ள தூக்கிப் போட்டாங்க. நல்லா வேணும்." அப்படியே சொன்னார். நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன்.

நீ அந்த சூப்பர்வைசர் வேலைக்குப் போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேஸ் முடிந்ததிலிருந்து ஒரு முறைகூட உன்னை வந்து பார்க்கவில்லை. பரீட்சை, ஆராய்ச்சி என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். இன்னொரு மாநிலத்தில், மலை உச்சியில், எனக்குப் பிரியமான ஒருவரிடமும் உன்னை மறைத்துவிட்டேன்.

உமைமா அக்கா வருகிற சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

பாரதி


வேலூர்
4 ஆகஸ்ட் 2024

பாரதிம்மா,

அழாதே. நீ துபாய் என்று சொன்னதே நல்லதாகப் போச்சு. குவைத் என்றிருந்தால் நான் மாட்டியிருப்பேன், குவைத் பார்த்தவர் இங்கே யாரும் இல்லை. எங்கள் பிளாக்கில் மக்பூல் அகமது பாய் இருக்கிறார். துபாயில் ரொம்ப வருஷம் டிரைவராக இருந்தவர். பஸ், ரூம், வெயில், எல்லாம் அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். இதோடு வைத்திருக்கிற இன்னொரு தாள் உமைமாவிடம் காட்டுவதற்காக. அண்ணன் துபாயில் இருந்தால் ஒரு கடிதமாவது வர வேண்டாமா?

ஐயா அதைப் படித்துவிட்டு, "துபாய்க்கு எப்ப போன நீ?" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. ஜெயில் சீலைத் தாளின் மேல் ஓரத்தில் குத்திக் கொடுத்தார். அதைக் கத்தரித்துவிடும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உமைமா சொன்னதில் தப்பில்லை. பெருமாள் மனைவி செண்பகம் கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தது. நல்லா வேணும் என்ற வார்த்தையைக்கூட அது என்னைப் பார்த்துச் சொன்னதில்லை.

என்னைப் பார்க்க வராததற்கெல்லாம் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. படி. ஸ்வெட்டர் போடு.

அண்ணன்


[இதனுடன் வைத்திருந்த தாள்]

துபாய்
1 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை பாரதிக்கு,

அண்ணன் இங்கே சௌக்கியம். நீ அனுப்பிய பூ பத்திரமாக வந்தது. ரூமில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இந்தப் பாலைவனத்தில் பனிப் பக்கத்துப் பூவைப் பார்த்தது நாங்கள்தான் முதல் ஆளாக இருப்போம். அதைக் காயவைத்துக் கொடுத்த உமைமாவுக்கு என் நன்றியைச் சொல்.

வெயில் தாங்க முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏ.சி. இருக்கிறது, அதனால் பிழைத்தோம். போன வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போனேன். சும்மா நடந்தேன். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், யாரும் திரும்பி வா என்று கூப்பிடுவதில்லை.

எனக்கு இப்போது கிடங்குப் பொறுப்பு. போன வாரம் உயரத்தில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு பையனை ஏறிச் சரிபண்ணச் சொன்னார்கள். பெல்ட் இல்லை, கயிறு இல்லை. "அஞ்சு நிமிஷ வேலதானே, ஏறட்டும்" என்றார் மேனேஜர். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெல்ட் வந்து சேரும்வரை வேலை நின்றது. மேனேஜர் கத்தினார். கத்தினால் கத்தட்டும். அந்தப் பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போன் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
சூரியபிரகாஷ்


ஆய்வு முகாம்
25 ஆகஸ்ட் 2024

அண்ணா,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் துபாய்க் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன். அதைக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. உமைமா அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நீயே காட்டச் சொன்னாய் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கயிறு, பெல்ட் பகுதி வந்தபோது அவர் கண் கலங்கியது. "உங்கண்ணன மாதிரி ஒரு ஆளு எங்க ஊரு கம்பெனியில இருந்திருந்தா பெருமாள் செத்திருக்க மாட்டார்" என்றார்.

நான், "ஆமாக்கா" என்றேன். அண்ணா, ஆமாம் என்று சொன்னேன்.

அதோடு முடியவில்லை. அவருக்கு ரிஹான் என்று ஒரு தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். சாமான் வாங்க உமைமா அக்கா கீழே கிராமத்துக்குப் போனபோது தன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். பாரதியோட அண்ணன் துபாயில் நல்ல இடத்தில் இருக்கிறார், தங்கமான மனுஷன், ரிஹானுக்கு ஏற்பாடு பண்ணுவார் என்று சொல்லிவிட்டார். ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனி அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்ததாம். துபாய் வருகிறது என்று அவன் போகவில்லை. அடுத்த தடவை கீழே போய்ப் பேசிவிட்டு மேலே வந்ததும் அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். "உங்கண்ணன் நம்பர் குடு பாரதி" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். செடிகளுக்குத் தாள் மாற்றிக்கொண்டிருந்தோம். "அக்கா, எங்கண்ணன் துபாய்ல இல்ல. வேலூர் ஜெயில்ல இருக்காரு. நீங்க சொன்னீங்களே, அந்த சூப்பர்வைசர். அவர்தான்."

அவர் கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். "அந்தப் பூவ அவருக்காகவா நான் அவ்ளோ பாத்துப் பாத்து காயவெச்சேன்?" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"நீ மறைச்சது எனக்குப் புரியுது பாரதி. நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன். ஆனா நீ அந்த லெட்டர என் எதிர்ல உக்காந்து வாசிச்சுக் காட்டுன. நான் அழுதத நீ பாத்துக்கிட்டே இருந்த."

அன்று மாலையே படுக்கையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விட்டார். வேலை சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். என்ன ஆச்சு என்று மற்றவர்கள் கேட்டால், குளிர் என்கிறார். என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று எழுத வந்தேன். உனக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. நான் எனக்குத்தான் வாங்கிக்கொண்டேன்.

பாரதி


வேலூர்
9 செப்டம்பர் 2024

பாரதிம்மா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் சும்மா இருந்தேன். குற்றத்தை நீ மட்டும் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாய். அதில் பாதி என்னுடையது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷன் இல்லை.

அந்தத் துபாய்க் கடிதத்தை உனக்காக எழுதினேன் என்று சொன்னேன். ஆரம்பத்தில் அப்படித்தான் உட்கார்ந்தேன். கிடங்கு வந்த இடத்திலிருந்து எனக்காக எழுதினேன். அந்தக் கடிதத்தில் இருக்கிற சூரியபிரகாஷ் முடியாது என்று சொல்கிறான். அவனைப் பார்த்து மேனேஜர் கத்துகிறார். சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போன் பேசுகிறான். அதை எழுதி முடிக்கிற வரைக்கும் நான் அவனாக இருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்று பசித்தது, சாப்பிட்டேன், தூங்கினேன்.

நிஜத்தில் பெருமாள் என்னிடம் கேட்டார். "சார், மாஸ்க் வர்ற வரைக்கும் வெயிட் பண்லாமா?" நான்தான் சொன்னேன், அஞ்சு நிமிஷ வேல, எறங்குங்க என்று. அந்த வார்த்தையைத் தூக்கிக் கடிதத்தில் மேனேஜர் வாயில் வைத்துவிட்டேன். பெருமாளை அந்தப் பையனாக்கிச் சிரிக்கவைத்துவிட்டு, அது போதும் என்றும் எழுதினேன். செண்பகத்துக்கு முன்னால் அதை எப்படிப் படிப்பேன்? உமைமா அழுதது அந்தப் பொய்க்குத்தான். அதை நினைத்தால் உன்னைவிட எனக்குத்தான் வெட்கம் ஜாஸ்தி.

உமைமாவுக்கு நான் எழுதக் கூடாது. இன்னொரு கடிதம் என்னிடமிருந்து அந்தப் பெண்ணுக்குப் போக வேண்டாம். ரிஹான் விஷயத்தில் நீதான் அவர்கள் வீட்டுக்குப் போய் நேரில் பேச வேண்டும். போனில் இல்லை.

இன்னொன்று. நீ வராததை நான் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்ட மாதிரி எழுதியிருந்தேன். அதுவும் நடிப்புதான். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன்.

வா பாரதிம்மா. உன்னிடம் நான் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அண்ணன்


ஒடுகத்தூர்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

முந்தாநாள் நேரில் பார்த்துவிட்டு இன்று வீட்டிலிருந்து எழுதுகிறேன் என்று சிரிக்காதே. அங்கே பேச முடியாததைத்தான் எழுதுகிறேன்.

முகாம் கலைந்து இறங்கும்போது உமைமா அக்காவும் நானும் ஒரே ரயில்தான். எதிர் எதிர் சீட். காட்பாடியில் நான் இறங்கும்போது, "எங்கம்மாகிட்ட நீயே வந்து சொல்லு. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

போன வியாழக்கிழமை ஆம்பூர் போனேன். விசாரித்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். ரிஹான் கதவைத் திறந்தான். நான் பேரைச் சொன்னதும் உள்ளே திரும்பி, "அம்மா, துபாய்க்காரங்க வந்திருக்காங்க" என்று சந்தோஷமாகக் கத்தினான். கிண்டல் இல்லை அண்ணா, அவனுக்கு இன்னும் தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம்.

அவன் எதிரிலேயே சொன்னேன். நீ யார் என்பது, என்ன நடந்தது, நான் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும். ரிஹான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். உமைமா அக்கா சமையல்கட்டு வாசலிலேயே நின்றார். பெருமாள் பிள்ளைகள் அந்த வீட்டு வாசலில்தான் விளையாடிக்கொண்டு இருப்பார்களாம், உமைமா அக்காவின் அம்மா அதை மட்டும் சொன்னார். டீ வந்தது. நான் குடித்து முடித்து எழுந்தபோது கேட்டார்.

"உங்கண்ணனுக்கு அங்க சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

எனக்குத் தெரியவில்லை அண்ணா. இத்தனை கடிதத்தில் ஒரு தடவைகூட நான் அதை உன்னிடம் கேட்டதில்லை. "தெரியலைங்க" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்னதிலேயே எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது அந்த வார்த்தைதான்.

உமைமா அக்கா தெருமுனை வரைக்கும் வந்தார். "ரிஹான் ஒரு வருஷமாவது உன்ன திட்டுவான், திட்டட்டும். எனக்கும் நாளாகும். நீயா போன் பண்ணாத. நான் பண்ணா எடு" என்றார். இன்னும் பண்ணவில்லை.

சனிக்கிழமை அம்மாவோடு உன்னைப் பார்க்க வந்தேன். மனு எழுதிக் கொடுக்கிற வரிசையில் நிற்கும்போது, என்னோடு காலேஜில் படித்தவள் ஒருத்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றாள். துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவ்வளவும் ஆன பிறகும் மூடிக்கொண்டேன், அண்ணா. அவள் ஆட்டோவில் ஏறிப் போகும்வரை எடுக்கவில்லை. இதை உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன்.

கவுன்டரில் இருந்தவர், "யாரப் பாக்கணும்? இன்னா உறவு?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சூரியபிரகாஷ். எங்கண்ணன்." சத்தமாகத்தான் சொன்னேன் போல. முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே அவ்வளவு கூச்சல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு நரைத்திருந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்கத்தான் வந்தேன். அம்மாவின் முட்டிவலி, தெருக் குழாய், மழை என்று பேச்சு போய், மணி அடித்துவிட்டார்கள். எழுது. என்ன போடுகிறார்கள், உப்பு உறைப்பு இருக்கிறதா, வயிறு நிறைகிறதா, எல்லாவற்றையும் எழுது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னது. "நீ அவன பாக்கணும்னு வந்த. அவன் உன்ன பாக்கணும்னு ஏங்கிக் கெடந்தான். கடைசியில ரெண்டு பேரும் தரையத்தான பாத்துக்கிட்டிருந்தீங்க." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அம்மா சொன்னது நிஜம். உன் முகம் சரியாக எப்படி இருந்தது என்று இப்போது யோசித்தாலும் நரைமுடி மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

வருகிற சனிக்கிழமையும் வருகிறேன். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.

உன் தங்கை,
பாரதி